இருநூறு எதற்கு?

தையல் நூல்கண்டு அளவில் ஒரு பொருள். ‘ட்ரிக்கர்ட் ஸ்பார்க் கேப்’ என்று பெயர். சொன்ன நொடியில், இம்மி பிசகாமல், பெரிய மின்துடிப்பு ஒன்றை அனுப்புவதுதான் அதன் வேலை. சிறுநீரகக் கல்லை உடம்பைக் கிழிக்காமல் அதிர்வலையால் உடைக்கிறார்களே, லித்தோட்ரிப்ஸி, அந்த இயந்திரத்துக்குள் இது இருக்கிறது. அணுகுண்டுக்குள் இருக்கும் வெடிமருந்தைச் சரியான கணத்தில் வெடிக்க வைக்கவும் இதையே பயன்படுத்தலாம்.

2003இல் இதைத் தயாரித்த பெர்க்கின் எல்மர் நிறுவனத்துக்கு, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் ஊரில் (நம்ம சேலம் இல்லை), 200 வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்தது நியூ ஜெர்சியில் இருந்த ஓர் இடைநிலை நிறுவனம். அதற்குப் பின்னால் இருந்தவர் கேப் டவுனில் வியாபாரம் செய்துவந்த ஆஷர் கார்னி. பொருள் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் என்று காகிதத்தில் எழுதியிருந்தது தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் உள்ள பாராக்வனாத் மருத்துவமனை. நிஜமான மருத்துவமனைதான், பிரம்மாண்டமானது. தென்னாப்பிரிக்காவுக்கு அந்தப் பொருளை அனுப்ப லைசென்ஸ் தேவையில்லை. பட்டியலில் தேடியிருந்தாலும் மருத்துவமனையின் பெயர் சிக்கியிருக்காது. காகிதம் முழுக்கச் சரி. ஓர் எண்ணைத் தவிர. ஒரு மருத்துவமனைக்கு ஐந்தோ ஆறோ போதும். இருநூறு எதற்கு?

கார்னி மாட்டியதற்கு முதல் காரணம் தென்னாப்பிரிக்காவிலிருந்து பெயர் சொல்லாத ஒருவர் அமெரிக்க அதிகாரிகளுக்குக் கொடுத்த துப்பு. ஆனால் தயாரித்தவர்களுக்கும் அந்த எண்ணிக்கை உறுத்தியது. அவர்கள் அதிகாரிகளோடு ஒத்துழைத்து, முதல் தவணையாக 66 துண்டுகளை வேலை செய்யாதபடி முடக்கி அனுப்பினார்கள். அவை கேப் டவுன் போய், துபாய் வழியாக இஸ்லாமாபாத்துக்குப் பயணம் செய்தன. 2004 புத்தாண்டு தினத்தன்று, குடும்பத்தோடு பனிச்சறுக்கு விளையாட வந்த கார்னியை டென்வர் விமான நிலையத்தில் கைது செய்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று வருடச் சிறை.

நான் பார்க்கும் வேலை, அந்த இருநூறு மாதிரி விஷயங்கள் கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது. பன்னாட்டு நிறுவனங்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, பொருளாதாரத் தடை சம்பந்தப்பட்ட சோதனை வேலைகளில் ஒரு பங்கு இன்றைக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் நடக்கிறது. ஜெர்மனியில் செய்த வால்வு துருக்கிக்குப் போகலாமா கூடாதா என்பதை ஓ.எம்.ஆரில் ஓர் ஆறாவது மாடியில் உட்கார்ந்து ஒருவர் ‘கிளியர்’ செய்கிறார். வீட்டில் கேட்டால் “கம்ப்ளையன்ஸ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். விளக்கினாலும் பெரிதாக யாருக்கும் சுவாரசியம் இல்லை. எனக்கு மட்டும் இந்த வேலைக்குள் ஒரு பழைய அறக்கேள்வி உட்கார்ந்திருப்பதாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது. விற்ற பொருள் கைமாறிய பிறகு, அதற்கும் விற்றவனுக்கும் என்ன உறவு?

“காசு வாங்கினோம், சரக்கு குடுத்தோம், அவ்வளவுதான்” என்பது பிரபலமான பதில். வியாபாரத்தின் இயல்பே அதுதான் என்று நம்புகிறவர்கள் அதிகம். நான் நம்பவில்லை. நம்மூர் வியாபாரத்தைக் கொஞ்சம் கவனித்தாலே அது பொய் என்று தெரியும். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கடைக்குப் போய் “ஒரு மோட்டார் குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். கிணறா போரா? எத்தனை அடி? தண்ணி எத்தனை அடியில நிக்குது? எத்தனை ஏக்கரா, சொட்டு நீரா வாய்க்காலா? வோல்ட்டேஜ் எப்படி? இவ்வளவும் கேட்ட பிறகுதான் குதிரைத்திறன் பற்றிப் பேச்சே எடுப்பார். துணிக்கடையில் “யாருக்குங்க, பெரியவங்களுக்கா?” என்று கேட்கிறார்கள். மருந்துக்கடையில் “யாருக்கு, வயசென்ன?” ‘எதுக்கு?’ என்று கேட்பது விற்பதின் ஒரு பாகம். கேட்காமல் விற்பவனைத் தொழில் தெரியாதவன் என்றுதான் சொல்வோம்.

அந்தக் கேள்வி சட்டமாகவே ஆன இடமும் இங்கே உண்டு. லட்சுமி என்ற பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. சில்லறைக்கு விற்கும் கடைக்காரர் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவர் யார், எங்கிருந்து வருகிறார், எவ்வளவு, எதற்கு என்று அதில் எழுத வேண்டும். அடையாள அட்டை பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் விற்கக் கூடாது. கழிவறை கழுவவும் அதே ஆசிட், ஒரு பெண்ணின் முகத்தைச் சிதைக்கவும் அதே ஆசிட். என் துறையில் ‘இரட்டைப் பயன்பாடு’ என்று பெரிய பெயர் வைத்திருப்பதும், ‘இறுதிப் பயனாளர் சான்றிதழ்’ என்று கையெழுத்து வாங்குவதும் இந்தப் பதிவேட்டின் நீண்ட வடிவங்கள்தான். எத்தனை கடைகளில் அந்த நோட்டு ஒழுங்காக இருக்கிறது என்பது வேறு கதை.

பௌத்தம் நல்வாழ்வு வழியில் நடக்கும் இல்லறத்தார் செய்யக் கூடாத வியாபாரம் என்று ஐந்தைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், விஷம். அந்தக் காலத்துக்கு அது சுத்தமான பட்டியல். வாளை விற்பவனுக்கு வாள் எதற்கு என்று தெரியும். இன்றைய சங்கடம், விஷம் விஷமாக வருவதில்லை என்பதுதான்.

தயோடைகிளைகால் என்ற வேதிப்பொருளை எடுத்துக்கொள்வோம். பால்பாயிண்ட் பேனா மையில் சேர்ப்பார்கள், துணிச் சாயத்தில் சேர்ப்பார்கள். அதோடு குளோரின் சேரும் ஒரே ஒரு வேதிவினை நடந்தால் கடுகு வாயு. ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற டச்சு வியாபாரி 1980களில் இதை ஆயிரம் டன்னுக்கும் மேல் சதாம் உசேனின் ஈராக்குக்கு விற்றார். அவரிடம் தொழிற்சாலை கிடையாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாங்குவார், அனுப்புவார், கமிஷன் எடுப்பார். அந்த வாயு ஈரானியப் படைகள் மீதும் எல்லையோரக் கிராமங்கள் மீதும் விழுந்தது. குர்தியர்கள் மீதும் விழுந்தது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரில் சுமார் ஐயாயிரம் பேர் செத்தார்கள்.

1989இல் அமெரிக்கா கேட்டுக்கொண்டபடி இத்தாலியில் அவரைப் பிடித்தார்கள். வெளியே வந்ததும் ஈராக்குக்கே போய், 2003 போர் வரைக்கும் அங்கேயே இருந்தார். பிறகு நெதர்லாந்து திரும்பினார். ஹலப்ஜா படங்களைப் பார்த்து அதிர்ந்துபோனேன், ஆனால் உத்தரவு கொடுத்தது நான் இல்லையே என்ற வகையில் பேசினார். நெதர்லாந்து நீதிமன்றம் 2005 டிசம்பரில் அவருக்குப் பதினைந்து வருடம் விதித்தது. மேல்முறையீட்டில் அது பதினேழானது. 2009இல் உச்ச நீதிமன்றம் வழக்கு இழுத்ததைக் காரணம் காட்டி ஆறு மாதம் குறைத்தது.

அந்தத் தீர்ப்பில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஓர் இடம் இருக்கிறது. அவர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று போர்க்குற்றத்துக்கு உடந்தை, இன்னொன்று இனப்படுகொலைக்கு உடந்தை. முதலாவதில் குற்றவாளி. இரண்டாவதில் விடுதலை. ஏன்? தான் விற்பது கடுகு வாயு ஆகிறது, அது போரில் பயன்படப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தை அழிக்கும் நோக்கம் ஆட்சிக்கு இருந்ததை அவர் அறிந்திருந்தார் என்று நிரூபணம் ஆகவில்லை. செய்த செயல் ஒன்றே. அனுப்பிய டிரம்கள் அவையே. அவர் தலைக்குள் எதுவரைக்கும் தெரிந்திருந்தது என்பதை வைத்துக் கோடு போட்டார்கள்.

சட்டமாக இது சரி. மனிதர்களாக நமக்கு இது போதுமா? தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு செயல்தானே? ஆயிரம் டன் பேனா மையில் என்ன எழுதப்போகிறார்கள் என்று அந்த ஆள் ஒருமுறைகூட யோசிக்காமல் இருந்திருந்தால், அது அவரை நல்லவராக்கிவிடுமா?

இதோடு ஒட்டிவரும் இன்னொரு வாதம் “நான் விக்கலைன்னா வேற எவனாவது வித்திருப்பான்”. இதை நான் கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். நல்ல மனிதர்கள், சம்பளம் கொடுக்க வேண்டிய பொறுப்புள்ளவர்கள் சொல்வார்கள். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பல சமயம் வேறு ஒருவன் விற்கத்தான் செய்கிறான். ஆனால் அது ‘நான் விற்றதால் விளைவு மாறவில்லை’ என்று சொல்கிறது. ‘விற்றவன் நான்’ என்பதை அது தொடவே இல்லை. வேறு ஒருவன் திருடியிருப்பான் என்பதால் திருடியவன் தப்பிக்க முடியாதில்லையா? அன்ராட் விஷயத்தில் இந்த வாதம் தகவலாகவே பலவீனமானது. மற்ற சப்ளையர்கள் விலகிக்கொண்ட பிறகும் அவர் தொடர்ந்தார், ஈராக் அவரையே பெருமளவு நம்பியிருந்தது என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் கவனித்தது. அந்த ‘வேற எவனோ’ பெரும்பாலும் இல்லை. அவர்தான் அந்த வேறு எவனோ.

அமெரிக்க ஏற்றுமதி விதிகள் ‘அறிதல்’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கம் ஒரு தத்துவ வகுப்பில் வைத்துப் பேசத் தக்கது. நேரடியாகத் தெரிந்திருப்பது மட்டும் அறிதல் இல்லை. நடப்பதற்கு அதிக வாய்ப்பு உண்டு என்ற உணர்வு இருந்தாலே அறிதல்தான். தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டாலும், வேண்டுமென்றே தெரிந்துகொள்வதைத் தவிர்த்தாலும், அறிந்திருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஏற்றுமதியாளருக்கான வழிகாட்டுதல் ‘உன் கண்ணை நீயே கட்டிக்கொள்ளாதே’ என்ற பொருள்படவே சொல்கிறது. எச்சரிக்கை அறிகுறிகளுக்கு அது கொடுக்கும் உதாரணங்களில் எனக்குப் பிடித்தது, சின்ன பேக்கரி ஒன்று உயர்ரக லேசர் கருவிகளுக்கு ஆர்டர் கொடுப்பது. இயந்திரத்தை நிறுவித்தர வேண்டாம், பயிற்சி வேண்டாம் என்று வாங்குபவர் மறுப்பது இன்னொன்று. கடைசி முகவரி என்று சரக்கு அனுப்பும் கம்பெனியின் முகவரியே இருப்பது மற்றொன்று. எந்த அறிகுறியும் இல்லையென்றால் தோண்டித் துருவ வேண்டிய கடமை பொதுவாகக் கிடையாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நியாயம்தான். எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு யாரும் கடை நடத்த முடியாது.

ஆக, ‘தெரியாது’ என்பதைத் தப்பிக்கும் வழியாக இல்லாமல் ஆக்க சட்டம் முயன்றிருக்கிறது. அதை நிறுவனங்கள் எப்படி வாங்கிக்கொண்டன என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். பம்பு கடைக்காரரின் கேள்வி பொருளைப் பற்றியது, பயன்பாட்டைப் பற்றியது. நிறுவனம் அதைப் பெயரைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிட்டது. தடைப்பட்டியலில் உள்ள பெயர்களோடு வாடிக்கையாளர் பெயரை மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும். எழுத்து ஒத்துப்போனால் ‘ஹிட்’. ஒரு நாளில் வரும் ஹிட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே வெறும் பெயர் ஒற்றுமை. அரபுப் பெயர்களை ரோமன் எழுத்தில் பத்து விதமாக எழுதலாம். நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை, இனிஷியலைத் தூக்கிக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டிருப்பார்கள். எழுபதாவது முகமதைத் தள்ளிவிட்டு எழுபத்தோராவது முகமதைப் பார்க்கிறவனுக்கு, அந்த முகமது வாங்குவது என்ன பொருள், எத்தனை என்று பார்க்கத் தோன்றுவதில்லை. அது அவன் திரையில் இருப்பதும் இல்லை. பாராக்வனாத் மருத்துவமனை ஆர்டர் எங்கள் திரைக்கு வந்திருந்தால் பச்சை விளக்கு எரிந்து போயே போயிருக்கும்.

பெயரை மட்டும் பார்ப்பதால் ஏற்படும் சேதம் இன்னொரு பக்கமும் உண்டு. 2011இல் கலிஃபோர்னியாவில் ராமிரெஸ் என்பவர் மனைவியோடும் மாமனாரோடும் கார் வாங்கப் போனார். டிரான்ஸ்யூனியன் நிறுவனம் தந்த கடன் அறிக்கையில், இவர் பெயர் அமெரிக்க நிதித்துறையின் தடைப்பட்டியலில் உள்ள பெயர்களோடு ஒத்துப்போகிறது என்று இருந்தது. அந்தப் பட்டியல் தீவிரவாதிகளுக்கும் போதைக் கடத்தல்காரர்களுக்குமானது. பெயரின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றாக இருந்தால் போதும், அப்படித்தான் ஒப்பிட்டிருந்தார்கள். பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை. கடையில் விற்க மறுத்துவிட்டார்கள், மனைவி பெயரில் கார் வாங்க வேண்டியதாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இதே மாதிரி குறிக்கப்பட்டவர்கள் என்று வழக்கில் சேர்ந்திருந்தவர்கள் 8,185 பேர். அறிக்கை வெளியே போன 1,853 பேருக்கு மட்டுமே வழக்காட உரிமை உண்டு என்று 2021இல் தீர்ப்பு. மற்றவர்களின் பெயர் பக்கத்தில் ‘தீவிரவாதியாக இருக்கலாம்’ என்று கணினிக்குள் இருந்தது, அவ்வளவுதானே, யாரும் பார்க்கவில்லையே என்றது பெரும்பான்மை.

ஒரு கார் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். ஈரானில் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பிறவி நோயோடு வாழும் குழந்தைகளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரித் தோல், தொட்டால் உரியும். சாதாரண கட்டு போட்டால், பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஒட்டாத ஒரு வகை நுரைக்கட்டு ஸ்வீடனிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2018இல் அமெரிக்கத் தடைகள் திரும்ப வந்ததும் அது வருவது நின்றுவிட்டது. சட்டத்தில் மருந்துக்கும் மருத்துவப் பொருளுக்கும் தெளிவான விலக்கு இருந்தது. இருந்து என்ன? 2021இல் ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் இதைப் பகிரங்கமாக எழுப்ப வேண்டியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. 2014இல் பிரெஞ்சு வங்கியான பி.என்.பி. பரிபா, சூடான், ஈரான், கியூபா பணத்தை அமெரிக்க வங்கி அமைப்பு வழியாக மறைத்து நகர்த்தியதற்காக 897 கோடி டாலர் கட்டியது. அந்தத் தொகையைக் கேட்ட பிறகு எந்த வங்கி அதிகாரி ஈரானுக்குப் போகும் கட்டுத்துணிப் பணத்தைக் கையால் தொடுவார்? அனுமதித்துத் தவறானால் அவர் வேலை போகும். மறுத்துத் தவறானால் யாருக்கும் தெரியாது, அந்தக் குழந்தையின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. ஒரு பக்கம் மட்டுமே தண்டனை இருக்கிற தராசில் முள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் மொழியில் இதற்கு ‘அதீத கம்ப்ளையன்ஸ்’ என்று பெயர். அதிகமாக நல்லவனாக இருப்பது போன்ற தொனி அந்தப் பெயரில் இருக்கிறது. அது சரியில்லை. வான் அன்ராட் என்ன கேட்கவில்லையோ அதையேதான் இந்த அதிகாரியும் கேட்கவில்லை: இது எதற்கு?

ஈராக்கில் இது ஒரு தேச அளவில் நடந்தது. 1990 ஆகஸ்ட்டில் ஐ.நா. பாதுகாப்பு அவை 661ஆம் தீர்மானம் கொண்டுவந்தது. தீர்மானத்தின் பெயரிலேயே ஒரு குழு. ஈராக்குக்குப் போகும் சாமான்கள் அதன் முன்னால் வரும். ராணுவத்துக்குப் பயன்படலாம் என்று உறுப்பு நாடு எதுவும் கை தூக்கினால் நிறுத்திவைக்கப்படும். தண்ணீர் சுத்திகரிக்கும் பம்பிலும் மருத்துவமனை உபகரணத்திலும் ராணுவப் பயனைக் காண்பது கஷ்டம் இல்லை, கண்டார்கள். ஈராக்கில் ஐ.நா. மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998இல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000இல் விலகினார். ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்ததாக அப்போது உலகமெங்கும் சொல்லப்பட்ட எண், சதாம் அரசு கையாண்ட கணக்கெடுப்பின் மேல் நின்றது என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண் பொய்யானதால் நிறுத்திவைத்த பம்பு நியாயம் ஆகிவிடாது.

இங்கே ஒரு எதிர்ப்புக் குரல் எனக்கே கேட்கிறது. யாருடைய பட்டியல் இது? எவன் கேட்கிறான், எவனிடம் கேட்கிறான்? நாம் இதை இந்தியாவில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க முடியாது. 1991இல் இஸ்ரோ, சோவியத்தின் கிளாவ்காஸ்மோஸுடன் கிரையோஜெனிக் எஞ்சினுக்கும் அதன் தொழில்நுட்பத்துக்கும் ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பப் பரவல் என்று சொல்லி 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு அமைப்புகள் மீதும் தடை போட்டது. திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய எஞ்சினை யாரும் அவசரத்துக்கு ஏவும் ஏவுகணையில் வைக்க மாட்டார்கள் என்று அப்போதே சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின்கள் தருகிறோம், தொழில்நுட்பம் கிடையாது. மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. இரண்டு பத்தாண்டுகள். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அமெரிக்கப் பட்டியலிலிருந்து நீங்கியது 2025 ஜனவரியில்தான்.

எனக்குத் தெரிந்த பழைய பொறியாளர்களிடம் அந்த வருடங்களைப் பற்றிப் பேசினால் இன்னும் சூடு ஆறவில்லை. ‘எதுக்கு?’ என்று கேட்டவர்களுக்குப் பதில் தேவையாக இல்லை, முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது. கேள்வி கேட்பவன் பதிலையும் தன் பையில் வைத்திருந்தால் அதற்குப் பெயர் விசாரணை இல்லை. இது உண்மை. அதே சமயம், இந்த உண்மையை வான் அன்ராட் மாதிரி ஒருவர் அழகாகத் தன் வக்கீலிடம் கொடுப்பார் என்பதும் உண்மை. ‘பட்டியல் போட்டவன் யோக்கியன் இல்லை’ என்பது, பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் விற்கலாம் என்று ஆகாது. அந்த இடத்தில் நான் தடுமாறுவேன், இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இதற்குள் இந்தியாவே மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாயிற்று. 2016இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2017இல் வாசெனார், 2018இல் ஆஸ்திரேலியக் குழு, மூன்றிலும் உறுப்பினர். ஸ்கோமெட் என்று நமக்கே ஒரு பட்டியல். இப்போது நாமும் கேட்கிறோம்: எதற்கு?

கேட்டாலும் பதில் கிடைக்காத இடங்கள் இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உக்ரைனில் விழுந்த ரஷ்ய டிரோன்களையும் ஏவுகணைகளையும் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மேற்கத்திய நிறுவனங்களின் சிப்புகள் இருந்தன. நிறைய, சலவை இயந்திரத்திலும் காரிலும் இருக்கிற சாதாரண ரகம். தயாரித்தவர் மொத்த விநியோகஸ்தருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு, அவர் கிர்கிஸ்தானில் நேற்றுத் தொடங்கிய கம்பெனிக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பரில், சில வகைப் பொருட்களுக்கான ஒப்பந்தங்களில் ‘ரஷ்யாவுக்கு மறுவிற்பனை செய்யக் கூடாது’ என்ற வாசகம் இருந்தாக வேண்டும் என்று விதித்தது. நல்ல எண்ணம்தான். அந்த வாசகம் உள்ள ஒப்பந்தங்கள் என் மேசைக்கும் வந்தன. பதினான்காம் பக்கத்தில் இருக்கும், எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், படித்தவர் யார் என்று தெரியாது. லட்சக்கணக்கில் போகும் ஐந்து ரூபாய்ச் சிப்பு எங்கே போகிறது என்று தயாரித்தவருக்குத் தெரியுமா? தனித்தனியாகத் தெரியாது. ஆனால் ஒரு சின்ன நாட்டின் கொள்முதல் ஒரே வருடத்தில் பல மடங்கு ஆனதை அவருடைய விற்பனைத் துறை பார்த்திருக்கும். அதற்காக யாருக்கோ போனஸ்கூடக் கொடுத்திருப்பார்கள். அதுவும் ஓர் இருநூறுதான்.

கோவைப் பக்கம் கெமிக்கல் பம்பு செய்யும் சிறுதொழில் அதிபர் ஒருவர் எனக்குப் பழக்கம். விவசாயப் பம்புக்கு ஸ்கோமெட் கவலை கிடையாது. ஆனால் திரவம் படுகிற பாகமெல்லாம் ஃப்ளூரோபாலிமரிலோ நிக்கல் கலவையிலோ செய்த, கசியாத பம்பு என்றால் கதை வேறு. கடுமையான அமிலத்தைத் தாங்குவது ரசாயன ஆயுதக் கூடத்துக்கும் தோதானது என்பதால் அது பட்டியலில் வருகிறது. துபாயிலிருந்து ஒரு டிரேடிங் கம்பெனி அந்த வகையில் இருபது கேட்டிருந்தது. லைசென்ஸ் விஷயம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“நாம பம்பு செஞ்சு விக்கறோம் தம்பி. அதுல அவன் தேனை எறைக்கறானா, விசத்தை எறைக்கறானான்னு நமக்கெதுக்குங்க?” என்றார்.

“அண்ணா, நாளைக்குப் பல்லடத்துல இருந்து ஒருத்தர் வந்து இருபது மோட்டார் குடுங்க, எதுக்குன்னு கேக்காதீங்கன்னு சொன்னா குடுத்துருவீங்களா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “இருபது எதுக்குன்னு கேக்காம எப்படிங்க குடுக்கறது? அப்புறம் ஓடலைன்னு நம்ம மேலதான பழி வரும்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அன்று சாயங்காலமே துபாய்க்காரருக்கு அவர் பாணியில் கேள்விகள் அனுப்பினார். என்ன திரவம், எத்தனை டிகிரி சூடு, மணிக்கு எத்தனை லிட்டர், எந்த ஊர்த் தொழிற்சாலை, யார் மாட்டப்போகிறார்கள். சட்டத்துக்கான படிவம் எதையும் இணைக்கவில்லை. பம்பு விற்பவன் வழக்கமாகக் கேட்பவைதான். ‘விலை மட்டும் அனுப்பவும்’ என்று பதில் வந்தது. இவர் மறுபடி கேட்டார். பிறகு பதில் இல்லை.

துபாய்க்காரர் விவகாரமான ஆளா, அல்லது இத்தனை கேள்வி கேட்கிற ஆளோடு மல்லுக்கட்ட நேரமில்லாத சாதாரண வியாபாரியா, எங்களுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அவரே ஃபோன் செய்தார். “அந்த ஆர்டர் ராஜ்கோட்ல ஒருத்தருக்குப் போயிருக்குதாமுங்க தம்பி” என்றார்.